நீண்ட ஆசியப் பயணத்தின் கடைசிக் கிழமை: மலையகத்தில் மூட்டை கட்டுவது

வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து, நேபாளம், இந்தியா என்று மாதக்கணக்கில் அலைந்துவிட்டு வருகிறவர்களில் பலர் இலங்கையைக் கடைசிக்கு வைக்கிறார்கள். அதற்கப்பால் தரை இல்லை. கட்டுநாயக்க எயார்போட்டில் ஏறினால் சென்னையிலோ லண்டனிலோ மெல்பேர்னிலோ நேரே போய் இறங்கலாம். சுற்றுலா விசாவும் 30 நாள் கிடைக்கும். கணக்கு சரிதான், அந்த 30 நாளைச் செலவழிக்கும் விதத்தில்தான் பிழை. கடற்கரையில் இருபது நாள் கரைந்துவிடும். மிச்சப் பத்து நாளுக்குள் சிகிரியா, கண்டி, சிவனொளிபாதமலை, உலக முடிவு என்ற மலைவிளிம்பு, எல்ல ஒன்பது வளைவுப் பாலம் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, பதுளையிலிருந்து நேரே எயார்போட்டுக்கு ஓட்டம். ஈர உடுப்பு பையிலேயே கிடக்கும், நாலு நாட்டுக் காசு பர்ஸில் கிடக்கும், படமெல்லாம் ஒரே கார்டில் இருக்கும்.

கடைசி ஏழெட்டு நாளை இடம் பார்க்கிற நாளாக எண்ணாமல், வேலை முடிக்கிற நாளாக எண்ணுங்கள் என்பதுதான் எங்கள் கட்சி. ஒரே டவுன், ஒரே ரூம், பார்ப்பதற்கு ஒன்றே ஒன்று. மிச்ச நேரமெல்லாம் துவைக்க, காய வைக்க, எண்ண, எழுத, அனுப்ப. குளிரும் தமிழும் மலிவான சாப்பாடும் ஒரே இடத்தில் கிடைப்பதால் இதற்கு இலங்கையின் நடு மலைப்பகுதியான மலையகம் தோதான இடம்.

எந்த டவுன், எந்த மாதம்

மலையகம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே மழை என்று நினைக்கக் கூடாது. மத்திய மலைத்தொடர் நடுவில் சுவர் மாதிரி நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா பக்கத்தை நனைக்கும். அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, அப்புத்தளை, பதுளையில் காய்ந்த கச்சான் காற்று வீசும். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் நனையும். டிசம்பர் தொடங்கி ஜனவரி வரை நிலைமை தலைகீழ், பதுளை இருக்கும் ஊவாப் பக்கம்தான் கூட நனையும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை இரண்டு பக்கமும் பெரும்பாலும் நல்லாயிருக்கும். ஏப்ரலில் காலை வெயிலும் பின்னேரம் இடிமழையும்.

ஆக ஜூலையில் வருகிறவர் நுவரெலியாவில் ரூம் போட்டால் ஒரு கிழமைக்கு உடுப்பு காயாது. பண்டாரவளையில் போட்டால் ஒரே நாளில் காயும். ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரம், போர்வை கேட்கும் குளிர், ஆனால் பல் அடிக்காது. பேங்க், தபாலகம், ஃபாமசி, தையல்கடை, செருப்புத் தைக்கிறவர் எல்லாரும் நடக்கிற தூரத்தில் இருப்பார்கள். ஆண்டு முழுக்க வைத்துப் பார்த்தால் எங்கள் ஓட்டு பண்டாரவளைக்குத்தான். நுவரெலியா 1,868 மீற்றர். ஜனவரி, பெப்ரவரி விடிகாலையில் புல்லில் உறைபனி விழும். ஏப்ரல் வருசப்பிறப்புக் காலத்தில் அங்கே பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று கூட்டம் அலைமோதும், ரூம் விலையும் ஏறும். எல்ல அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பயணத்தின் நடுவில் இருக்கிறவர்களுக்கான ஊர். இராத்திரி பாட்டுச் சத்தத்தோடு கணக்குப் பார்க்க முடியாது.

தேதி பார்க்கும்போது பொயாவையும் பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை. பேங்கும் தபாலகமும் பூட்டு. பொயா வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் மூன்று நாள் போச்சு, ரயிலிலும் நிற்க இடமிருக்காது.

கோச்சி

பதுளை ரயில் பாதையைப் பற்றி எழுதாதவர் இல்லை, ஆகவே வேண்டியதை மட்டும். பாதை 1885இல் நானுஓயாவுக்கு வந்தது, 1924இல் பதுளையைத் தொட்டது. ஐந்தரை அடி அகலப் பாதை. பட்டிப்பொல நிலையம் 1,891 மீற்றர், இலங்கையில் அதைவிட உயரத்தில் நிலையம் இல்லை. தெமோதரவில் பாதை வளைந்து தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகும். இதல்கஸ்ஹின்னவில் இரண்டு பக்கமும் பள்ளம். மூட்டம் இல்லாத காலையில் எந்த ஜன்னலில் இருந்தாலும் நட்டமில்லை.

முன்பதிவு 30 நாளுக்கு முன்னால் திறக்கும், திறந்த கையோடு தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். முன்பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்பு டிக்கட்டை அன்றைக்கே நிலையத்தில் தருவார்கள். கண்டியில் ஏறினால் நிற்க வேண்டி வரலாம். நாவலப்பிட்டியிலும் ஹட்டனிலும் ஆட்கள் இறங்கும்போது இடம் விழும். இன்னொன்று, கொழும்பிலிருந்து வரும் உடரட்ட மெனிக்கே கண்டி நகருக்குள் போகாது. பேராதனையில் போய் ஏற வேண்டும். கண்டி மேடையில் அதற்காகக் காத்திருந்து கோச்சியை விட்டவர்கள் ஏராளம். நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் நானுஓயாவில் இறங்க வேண்டும், டவுன் அங்கிருந்து ஆறேழு கிலோமீற்றர்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொட்டிய மழையில் இந்தப் பாதை பல இடங்களில் மண்சரிவால் உடைந்தது. எந்தப் பகுதியில் கோச்சி ஓடுகிறது என்பதை நிலைய அதிபரிடம் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். பழைய வீடியோவைப் பார்த்துப் போடாதீர்கள். கதவில் தொங்கிப் படமெடுப்பதைப் பற்றி ஒரு வரி: சுரங்கச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு ஆளின் தலைக்கு இடம் கிடையாது. அப்படிச் செத்தவர்கள் உண்டு.

துவைப்பதும் காய வைப்பதும்

வந்து இறங்கிய அன்றே தொடங்க வேண்டிய வேலை இது. மலையில் வெயில் என்பது காலை ஏழரைக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட சொத்து. ஒரு மணிக்குப் பிறகு மூட்டம் இறங்கினால், காய்ந்த துணியும் திரும்ப ஈரம் இழுக்கும். எனவே இராத்திரியே ஊறப்போட்டு, காலை ஆறரைக்குள் அலசிக் கொடியில் போட்டுவிட வேண்டும். தடித்த துணியைப் பிழிந்தால் மட்டும் போதாது. காய்ந்த துவாயை விரித்து, அதன்மேல் ஈர உடுப்பைப் பரப்பி, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். பாதித் தண்ணீர் துவாய்க்குப் போய்விடும். பன்னிரண்டு மணிக்குத் துணியை எடுத்து உள்ளே போடும்போது இடுப்புப் பட்டியும் பொக்கட் மூலையும் காய்ந்ததா என்று தொட்டுப் பாருங்கள். பூஞ்சணம் தொடங்குவது அங்கேதான்.

முதுகுப்பையை மெஷினில் போடவே கூடாது. உள்பக்கம் தண்ணீர் போகாதபடி பூசியிருக்கும் பாலியூரித்தேன் படலம், காரமான சோப்புத் தூளாலும் சுடுதண்ணீராலும் உரியும். வெதுவெதுப்பான தண்ணீர், சாதாரண கட்டிச் சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். எல்லா சிப்பையும் திறந்து, பையைத் தலைகீழாக நிழலில் தொங்க விடுங்கள். வெயில் வேண்டாம், நைலோன் நாளடைவில் இற்றுப்போகும். நுவரெலியாக் குளிரில் முழுக்கக் காய இரண்டு நாள் எடுக்கும். உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டி, வாந்தி மாதிரி ஒரு நெடி வந்தால் அந்தப் படலம் ஈரத்தில் சிதைந்துவிட்டது என்று பொருள். கூடாரத்துக்கும் மழைக்கோட்டுக்கும் இதே கதிதான். அதைக் கழுவிக் காப்பாற்ற முடியாது. வீட்டுக்குச் சுமந்துபோய் அங்கே எறிவதை விட இங்கேயே விடலாம்.

சப்பாத்தின் உள்தாளைக் கழற்றி, கடதாசியைக் கசக்கித் திணித்து, நாலு மணித்தியாலத்துக்கொரு தடவை மாற்றுங்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் அடிப்பக்க வெட்டுக்குள் இருக்கும் மண்ணைப் பழைய பல் பிரஷால் கிண்டி எடுக்க வேண்டும். மண்ணும் விதையும் ஒட்டிய சப்பாத்தை அங்கே சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள். படிவத்தில் மறைத்தால் அபராதம் வேறு.

கமராவையும் இந்தக் கணக்கில் சேருங்கள். மாதக்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்த லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதும் படர்ந்திருந்தால் அதைத் தனியாகக் கட்டுங்கள், மற்ற லென்ஸோடு ஒரே பையில் வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் நிறம் மாறியிருந்தால் மணிகளைக் காய்ந்த தாச்சியில் கொட்டி, சின்ன நெருப்பில் பழைய நிறம் வரும்வரை வறுத்தெடுக்கலாம். கருக விடாதீர்கள்.

படம், பாஸ்போட், எழுத்து

படங்களை ஏற்றும் வேலையைக் கடைசி இரவுக்கு வைப்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள். 200 ஜிபி படத்தை விநாடிக்கு 10 மெகாபிட் ஏறுகிற இணைப்பில் ஏற்ற ஏறக்குறைய 45 மணித்தியாலம் வேண்டும். விடுதி வைஃபை பெரும்பாலும் அந்த வேகத்தைத் தராது, மழையில் கரண்டும் போகும். முதல் இரவே தொடங்கி, தூங்கும் நேரமெல்லாம் ஓட விட்டால்தான் முடியும். அதோடு சின்ன ஹார்ட்டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி. அது கைப்பையில், கார்டு இடுப்பில். இரண்டும் ஒரே பையில் இருந்தால் பிரதி எடுத்ததற்கு அர்த்தமில்லை.

பிறகு பாஸ்போட். எந்த நாட்டுக்கு என்றைக்கு நுழைந்தீர்கள், என்றைக்கு வெளியேறினீர்கள், எந்த வழி என்பதை ஒரு தாளில் அட்டவணையாக எழுதுங்கள். நாளைக்கு பிரிட்டனுக்கு விசா போடும்போது கடந்த பத்து வருடப் பயணத்தைக் கேட்பார்கள். முத்திரையைப் பார்த்து எழுதலாம் என்று இருந்தால் முடியாது. சிங்கப்பூரும் ஹொங்கொங்கும் இப்போது முத்திரை குத்துவதில்லை. குத்துகிற நாட்டிலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மை பரவியிருக்கும். விமான டிக்கட் மின்னஞ்சலும் பஸ் டிக்கட்டும் கையில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். இலங்கை விசாவின் 30 நாளை எண்ணும்போது வந்து இறங்கிய நாளையே முதல் நாளாக எண்ணுங்கள். ஒரு நாள் தப்பினாலும் கவுன்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும்.

பாஸ்போட் விஷயத்தில் இங்கே கொஞ்சம் அடக்கமாக இருப்பது நல்லது. தேயிலைத் தோட்டத்து மக்களின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். முதலில் கோப்பி. 1869இல் இலைநோய் தொடங்கிக் கோப்பி அழிந்தபின் தேயிலை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பாஸ்போட் வந்தபோது குடும்பத்தில் பாதிப்பேர் கப்பலேற, பாதிப்பேர் இங்கேயே நின்ற கதை, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் எங்கும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "அண்ணே, நீங்க எப்ப இந்தியாவுல இருந்து வந்தீங்க?" என்று கேட்பது சகஜமாகிவிட்டது. கேட்காதீர்கள். ஐந்து தலைமுறையாக இருக்கிறவரிடம் கேட்கிற கேள்வியல்ல அது.

எழுதுவது பற்றி. நாட்குறிப்பு எழுதிக்கொண்டே வந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. எழுதாதவர்கள் நாட்டுக்கு ஒரு பக்கம் வீதம் இப்போதே எழுதிவிடுங்கள், வர்ணனை தேவையில்லை. தங்கிய ஊர், ஒரு சாப்பாட்டின் விலை, ஏமாந்த இடம், உதவி செய்தவர், திரும்பப் போனால் எதை விடுவீர்கள். ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே எல்லாரும் "எது நல்லாயிருந்துச்சு?" என்று கேட்பார்கள். பத்துத் தடவை ஒரே பதிலைச் சொன்னபிறகு அந்தப் பதில்தான் மனதில் நிற்கும், நடந்தது நிற்காது. டார்ஜிலிங், மூணாறு, கேமரன் மலை, நுவரெலியா எல்லாம் பச்சைச் சரிவும் வெள்ளைக்காரன் கட்டிய பங்களாவுமாக ஒன்றோடொன்று கலந்துவிடும்.

காசும் பார்சலும்

லாவோஸ் கிப், மியன்மார் கியாட், கம்போடிய ரியல், வியட்நாம் டொங் இவற்றைக் கண்டியில் நாணயமாற்றுக் கடைக்குக் கொண்டுபோனால் சிரிப்பார்கள். அந்தந்த நாட்டு எல்லையிலேயே மாற்றியிருக்க வேண்டியவை. தாய் பாத், மலேசிய ரிங்கிட், சிங்கப்பூர் டொலர், இந்திய ரூபா மாறும். மத்திய வங்கி அனுமதிப்பத்திரம் மாட்டியிருக்கும் கடையாகப் பார்த்து மாற்றி, ரசீதையும் வாங்கி வையுங்கள். டொலர் நோட்டில் கிழிசலோ பேனைக் கோடோ இருந்தால் எடுக்க மாட்டார்கள். கார்ட் கணக்கை வரிவரியாகப் பாருங்கள், குறிப்பாக மோட்டர்சைக்கிள் வாடகைக்குப் பிடித்து வைத்த முற்பணம் விடுபட்டதா என்று. யாரென்று தெரியாத பெயரில் சின்னத் தொகை ஒன்று போயிருந்தால், பெரிய தொகைக்கு முன்னோட்டமாக இருக்கலாம். அன்றைக்கே கார்டை நிறுத்துங்கள்.

பார்சல் அனுப்பப் போகிறவர்கள் பெட்டியை ஒட்டாமல் திறந்தபடியே தபாலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே என்ன என்று பார்த்த பிறகே கட்ட விடுவார்கள். ஒட்டும் டேப், மார்க்கர், நூல் உங்கள் கையில் இருக்கட்டும். சுங்கப் படிவத்தில் "பொருட்கள்" என்று பொதுவாக எழுதினால் போகிற இடத்தில் நிறுத்துவார்கள். "பாவித்த பருத்தி உடுப்பு 6, புத்தகம் 4" என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். நுவரெலியாவின் செங்கல் தபாலகம் படமெடுக்க நல்லது, பெரிய பார்சலுக்குக் கண்டி வசதி. பவர் பேங்கும் லித்தியம் பற்றரியும் பார்சலிலும் போகக் கூடாது, விமானத்தின் அடிப்பெட்டியிலும் போகக் கூடாது; கைப்பை மட்டும்தான். பொது எல்லை 100 வொட் மணி. 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்டில் பெருக்க 74 வருகிறது, போகலாம். 30,000 என்றால் 111, பிடிப்பார்கள். 50 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தொல்பொருள் திணைக்கள அனுமதியில்லாமல் இலங்கையிலிருந்து கொண்டுபோக முடியாது. பழைய வெண்கல விளக்கு, ஓலைச்சுவடி என்று யாராவது மலிவாகக் காட்டினால் விட்டுவிடுங்கள்.

எந்தத் தேயிலை

வீட்டுக்குக் கொண்டுபோக இதைவிடப் பொருத்தமான சாமான் இல்லை, ஆனால் பெரும்பாலானோர் பிழையான தேயிலையைத்தான் வாங்குகிறார்கள். 4,000 அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை. நுவரெலியாத் தேயிலை வெளிறிய நிறம், மெல்லிய வாசம். வெறும் தேத்தண்ணிக்கு அதுதான் ராசா. அதில் பால் ஊற்றினால் பாலும் கெட்டது தேயிலையும் கெட்டது. நம் வீடுகளில் குடிக்கிற பால் தேத்தண்ணிக்கு ஊவா அல்லது திம்புல்லப் பகுதியின் பிஓபிஎப் என்ற தூள் ரகத்தை வாங்குங்கள். பிஓபி ரகத்தை விடச் சின்னத் தூள், சாயம் சீக்கிரம் இறங்கும். ஊவாவின் நல்ல பருவம் கச்சான் வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. திம்புல்ல, நுவரெலியாவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. வறண்ட காற்றில் கொழுந்து மெல்ல வளர்வதால் வாசம் கூடும்.

பொட்டலத்தைத் திறந்து பார்க்க விட்டால் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். தூள் ஒரே அளவில், கறுப்பாக, லேசான மினுமினுப்போடு இருக்க வேண்டும். செம்மண் நிறத்தில் நாரும் காம்புச் சிராயும் தெரிந்தால் தரம் குறைவு. வாளேந்திய சிங்க முத்திரை இருந்தால், உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்று அர்த்தம். தேயிலை பக்கத்து வாசத்தையெல்லாம் இழுக்கும். கறுவா, ஏலம், சவர்க்காரம், அந்த ஈரச் சப்பாத்து எதுவும் அதன் பக்கத்தில் வேண்டாம். அலுமினியப் பையை இன்னொரு பொலித்தீன் பையில் கட்டி, பெட்டியின் நடுவில் காய்ந்த உடுப்புக்குள் வையுங்கள்.

இங்கே குடித்த ருசி வீட்டில் வரவில்லை என்று குறை சொல்வார்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், கடற்கரை ஊரில் 100. அதே தூள், அதே நேரம் என்றால் கீழே சாயமும் கசப்பும் கூடும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் போட்டு, பிஓபிஎப் என்றால் மூன்று நிமிடத்துக்குள் வடித்துவிடுங்கள்.

தேயிலை ஆலையை இங்கே ஸ்டோர் என்பார்கள். பார்க்க ஆசையென்றால் திங்கட்கிழமை போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை. எடுத்த கொழுந்து அரைப்புக்குப் போகுமுன் இரவெல்லாம் வாட வேண்டும். ஆகவே திங்கள் காலை பல ஸ்டோர்களில் மெஷின் சும்மா நிற்கும். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலையாகிறது. கொழுந்து எடுக்கிறவர்களைப் படம் பிடிக்க, "அக்கா, ஒரு போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, தலையாட்டினால் சட்டென்று எடுத்துவிட்டு நகருங்கள். அவர்களுடைய நாட்கூலி கிலோக் கணக்கோடு கட்டப்பட்டது. நீங்கள் நிறுத்தி வைக்கிற பத்து நிமிடம் அவர்கள் கூடையில் குறையும். பிள்ளைகளுக்கு ரோட்டில் டொபியும் பேனையும் வீசுவதும் வேண்டாம். விட்டுப்போகிற நல்ல உடுப்பும் சப்பாத்தும் இருந்தால் துவைத்து மடித்து, கோயில் தலைவரிடமோ தோட்டத்துப் பாடசாலையிலோ கொடுங்கள்.

பார்க்க ஒன்று

உலக முடிவா, சிவனொளிபாதமலையா என்றால் முழங்காலைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கமாக ஏறக்குறைய 5,500 படி. ஏறுவதற்கு மூன்று, நாலு மணித்தியாலம், இறங்கும்போதுதான் கால் நடுங்கும். பருவம் டிசம்பர் பொயாவிலிருந்து மே வெசாக் பொயா வரை. மற்றக் காலத்தில் வழி விளக்கும் எரியாது, தேத்தண்ணிக் கடையும் இருக்காது. ஹோர்ட்டன் சமவெளி வட்டப்பாதை சுமார் 9 கிலோமீற்றர், பெரும்பாலும் சமதரை, உலக முடிவில் பள்ளம் 870 மீற்றருக்கு மேல். காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போதே நுழைந்துவிட வேண்டும். ஒன்பது, ஒன்பதரைக்கு மூட்டம் பள்ளத்தை மூடிவிடும். அதன்பிறகு போகிறவர்கள் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். மாதக்கணக்காகச் சுமை தூக்கிய காலுக்கு இதுவே போதும்.

மழைக்காலக் காட்டுப் பாதைகளில் அட்டை உண்டு. ஈரச் சோப்பைக் காலிலும் சொக்ஸிலும் தேய்த்துக்கொண்டால் ஏறாது. கடித்துவிட்டால் நெருப்பு வைக்காதீர்கள், இழுக்காதீர்கள். நகத்தைத் தோலோடு சேர்த்து வைத்து, மெல்லிய முனைப்பக்கமாக நெம்புங்கள். இரத்தம் உறையாத பொருளை அது விட்டுப்போவதால் கொஞ்ச நேரம் வடியும், பயமில்லை.

இறங்கும் நாள்

விமானம் பறக்கும் நாளில் மலையிலிருந்து இறங்கக் கூடாது, முதல் நாளே இறங்கி நீர்கொழும்பிலோ கட்டுநாயக்கவிலோ படுங்கள். பண்டாரவளையிலிருந்து பெரகல, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகவும் வரலாம், நுவரெலியா, கண்டி, கேகாலை வழியாகவும் வரலாம். இரண்டிலும் சரிவு உண்டு. கண்டிக்குக் கீழே கடுகண்ணாவைச் சரிவு மழையில் மூடிய வரலாறு உண்டு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் வெளியிடும். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. செம்மஞ்சள் விழுந்தால் ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுவது புத்தி. ஏசி வேனில் வந்தால் கமராவைச் சிப் பையில் இறுக்கி மூடி வையுங்கள். கீழே இறங்கி அரை மணித்தியாலம் கழித்துத் திறந்தால் லென்ஸில் தண்ணீர் கோர்க்காது.

தமிழ்நாட்டுக்குக் கப்பலில் போக நினைப்பவர்கள் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் போகலாம். கண்டியிலிருந்து ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் போக ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். வடகீழ்ப் பருவ மாதங்களில் கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும், அந்தக் காலத்தில் விமானமே மேல்.

மருந்துப் பையை எறிய அவசரப்படாதீர்கள். மலேரியாப் பகுதிகளில் திரிந்துவிட்டு வந்தவர்கள் அட்டோவகுவோன் புரோகுவானில் என்றால் அந்தப் பகுதியை விட்டு வந்தபின் 7 நாளும், டொக்சிசைக்கிளின் என்றால் 4 கிழமையும் தொடர்ந்து குடிக்க வேண்டும். மலைக்கு வந்தாயிற்று, நுளம்பில்லை என்று பாதியில் நிறுத்துவது வழக்கமான தவறு. இலங்கை 2016இல் உலக சுகாதார நிறுவனத்திடம் மலேரியா அற்ற நாடு என்ற சான்று பெற்றது. அதனாலேயே இங்கேயுள்ள டொக்டர் காய்ச்சல் என்றவுடன் மலேரியாவை நினைக்காமல் விடலாம். எந்தெந்த நாட்டில் இருந்தீர்கள் என்று நீங்களே சொல்லி, இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மலேரியாத் தடை இயக்கம் அந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்யும். டெங்குவுக்கு வாய்ப்பிருக்கும்போது பனடோல் (பரசிட்டமோல்) மட்டும்தான், அஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் வேண்டாம். காய்ச்சல் விடுகிற மூன்றாம் நாளிலிருந்து வயிற்றுவலி, விடாத வாந்தி, முரசில் இரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. இலங்கைக்குள் அம்புலன்ஸ் இலக்கம் 1990, இலவசம். ஊருக்குப் போய் மாதங்கள் கழித்தும் ஒருவகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து திரும்பி வரும். அப்போது காய்ச்சலென்று டொக்டரிடம் போனால், நாடும் தேதியும் எழுதிய அந்த அட்டவணைத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.